நான்காண்டுத் தவணை

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக் கொண்டனர். அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகவும், 1927-இல் மகத் குளத்து நீரை மக்களோடு சேர்ந்து அள்ளிப் பருகியவராகவும், 1956-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியவராகவும் அன்னாரை நம் மக்கள் நன்கு அறிவர். அவற்றை மீண்டும் எழுதி மலரின் பக்கங்களை நிரப்ப நாம் விரும்பவில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு விடை வருமா வராதா என்று காத்திருக்கும் நம் இளைஞர் பலரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்கள் முகத்தில் காணும் அதே கலக்கத்தோடு அம்பேத்கர் அவர்களும் பல்லாண்டுகள் காத்திருந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி மட்டும் எழுதுவதே இம்மலருக்குப் பொருத்தம் என்று கருதினோம்.

1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவில் உள்ள மௌ என்னும் படைவீட்டு ஊரில் இராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதியருக்குப் பதினான்காவது குழந்தையாக அவர் பிறந்தார். தந்தையார் படையில் சுபேதார். சதாராவில் பள்ளியில் சேர்ந்த சிறுவன் மற்றப் பிள்ளைகளிடமிருந்து விலகி, வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணித்துணியின்மீது உட்கார்ந்து படித்தான் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில் தொழிலாளர் வாழும் சாலில் ஒரே ஓர் அறை. சமையலும் படுக்கையும் படிப்பும் அதற்குள்தான். மகன் முன்னிரவில் உறங்கட்டும் என்று தந்தையார் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். நூல் வாங்கப் பணமில்லாத வேளையில், மணமாகிப் போன மகளிடம் சென்று நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தவர் அந்தத் தந்தை. வடமொழி பயில விரும்பிய மாணவருக்கு அது மறுக்கப்பட்டுப் பாரசீகம் தரப்பட்டது.

1907-இல் மெட்ரிகுலேஷன் தேறியபொழுது அவர் பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. இந்த எண்ணை நாம் வேண்டுமென்றே இங்குக் குறிப்பிடுகிறோம். மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கியதும் தலை கவிழ்ந்து நிற்கும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். 282 பெற்ற மாணவருக்கு அவ்வாண்டு பம்பாயில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. ஏனெனில் அவர் பிறந்த மகார் சமுதாயத்தில் இத்தேர்வில் தேறியோர் மிக அரியர். அக்கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் மராத்தி ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். பூங்காவில் தனியே அமர்ந்து நாள்தோறும் படித்துக் கொண்டிருந்த பையனைக் கண்டு, அருகில் சென்று விசாரித்துப் பழகியவர் இவர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இந்தக் கேளுஸ்கர்மீது தனி மதிப்பு உண்டு. புத்தகம் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. இண்டர்மீடியட் முடித்த மாணவருக்கு மேலே படிக்க வழியில்லை என்று அறிந்ததும், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவர்களிடம் அவரை அழைத்துச் சென்றார். மன்னர் கேட்ட வினாக்களுக்கு மாணவர் நிறைவாக விடை சொன்னார். மாதம் 25 ரூபாய் உதவித் தொகை கிடைத்தது. 1912-இல் எல்பின்ஸ்டன் கல்லூரியிலிருந்து பி.ஏ. பட்டம் பெற்றார்.

உதவி பெற்றவர் பரோடா அரசில் பணியாற்றச் சென்றார். அது 1913 சனவரி. அங்குத் தங்க இடமின்றியும் மதிப்பின்றியும் அவர் பட்ட துன்பம் பெரிது. சில நாட்களிலேயே தந்தையார் நோயுற்றார் என்ற தந்தி வந்தது. ஊர் திரும்பும் வழியில், சூரத் நிலையத்தில் தந்தைக்கு இனிப்பு வாங்க இறங்கினார். அதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. மறுநாள்தான் பம்பாய் சேர முடிந்தது. பிப்ரவரி 2-ஆம் நாள் தந்தையார் மறைந்தார்.

தந்தையில்லை, பரோடாவுக்குத் திரும்ப மனமில்லை, வீட்டிலோ மனைவி இரமாபாயும் கைக்குழந்தையும். இந்நிலையில், அமெரிக்காவில் உள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்துக்குச் சில மாணவர்களை அனுப்பப் பரோடா மன்னர் எண்ணியிருக்கிறார் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. மன்னரைக் கண்டு விண்ணப்பித்தார், தேர்ந்தெடுக்கவும் பெற்றார். 1913 ஜூன் 4-ஆம் நாள் பரோடா அரசோடு ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார். மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுன் உதவித் தொகை. குறித்த பாடத்திலேயே காலத்தைச் செலவிட வேண்டும். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும். இருபத்திரண்டு வயது இளைஞர் தம் வாழ்வின் பத்தாண்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். உதவித் தொகை என்பது ஒருபோதும் வெறுங்கையில் வந்து விழுவதில்லை. அதன் மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுமாறு நாம் நம் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

ஜூலைத் திங்களில் நியூயார்க் சேர்ந்தார். அங்கு எவரும் சாதி கேட்கவில்லை. நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் அறைத் தோழராகவும் உயிர்த் தோழராகவும் வாய்த்தார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் செலிக்மன், தத்துவப் பேராசிரியர் ஜான் டூவி முதலானோரிடம் பாடம் கேட்டார். பொருளாதாரத்தில் மட்டும் இருபத்தொன்பது பாடங்கள், வரலாற்றில் பதினொன்று, இவற்றுடன் சமூகவியல், மானிடவியல், தத்துவம் என்று கிடைத்ததையெல்லாம் பயின்றார். மூன்றாண்டுக்கு மேல் பணம் வராது என்பது ஒவ்வொரு நாளும் நினைவில் இருந்தமையே இந்த வேகத்துக்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். உணவில் சிக்கனம் பிடித்துப் பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் வாங்கிச் சேர்த்தார். வீட்டுக்கும் ஒரு பகுதி அனுப்பினார். 1915-இல் எம்.ஏ. பட்டம். 1916 மே மாதத்தில் இந்தியச் சாதிகளைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுரை. அதே ஆண்டில் இந்தியாவின் தேசிய வருவாய் பற்றிய ஆய்வேட்டைப் பி.எச்.டி. பட்டத்துக்கு அளித்து, அதுவும் ஏற்கப்பட்டது.

ஆயினும் பட்டம் கைக்கு வரவில்லை. ஆய்வேட்டை அச்சிட்டுக் குறித்த எண்ணிக்கைப் படிகளைப் பல்கலைக் கழகத்தில் ஒப்படைத்த பிறகே பட்டம் என்பது அங்கிருந்த விதி. அச்சிடப் பணம் எங்கே?

1916 ஜூனில் இலண்டன் புறப்பட்டார். அக்டோபரில் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். கிரேஸ் இன் சட்ட நிலையத்திலும் பாரிஸ்டர் படிப்புக்குப் பெயர் பதிந்து கொண்டார். ஓராண்டுகூட முடியவில்லை. உதவித் தொகைக் காலம் முடிந்துவிட்டது, திரும்பி வரவேண்டும் என்று பரோடா திவானிடமிருந்து ஆணை வந்தது. இரண்டு படிப்புகளும் பாதியில் நின்றன. அந்நிலையிலும் அவர் செய்த ஒரு காரியத்தை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். மனமுடைந்து மூட்டை கட்டிவிடவில்லை. பல்கலைக் கழகத்துக்கு முறைப்படி எழுதி, நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்னும் அனுமதியை எழுத்தில் பெற்றுக் கொண்டார். அந்தத் தவணை 1917 அக்டோபரில் தொடங்கியது. அதற்குள் பயணத்துக்கும் கட்டணத்துக்கும் உணவுக்கும் பணம் சேர்த்தாக வேண்டும். சேராவிட்டால் வாசல் மூடிவிடும்.

அது முதல் உலகப்போர்க் காலம். அவர் ஒரு கப்பலில் வந்தார். அவருடைய நூல்களும் உடைமைகளும் மற்றொரு கப்பலில் வந்தன. அந்த இரண்டாவது கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. வயிற்றைக் கட்டி வாங்கிய நூல்களில் பெரும்பகுதி கடலுக்குள் போயிற்று. இழப்பீடாக வந்த 600 ரூபாய்தான் அவர் பரோடாவுக்குச் செல்ல வழிச்செலவாயிற்று.

பரோடாவில் நடந்தது பலமுறை எழுதப்பட்ட செய்தி; எனினும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தங்க இடம் கொடுப்பார் எவருமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கூட அவர் கையில் படாதவாறு கோப்புகளை வீசினர். பதினோராம் நாள் காலை தடியேந்திய பார்சிகள் பலர் வந்து, மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று மிரட்டிச் சென்றனர். நண்பர் இருவரைக் கேட்டார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவருமே சாக்குச் சொல்லிக் கைவிட்டனர். இரவு வண்டிக்கு நேரமாகும் வரையில் காமதி பாக் பூங்காவில் உட்கார்ந்து கண்ணீர் வடித்தார். கொலம்பியாவின் எம்.ஏ. பட்டம் அன்று அவருக்கு ஒரு பாய் விரிக்கும் இடத்தைக்கூடப் பெற்றுத் தரவில்லை.

பத்தாண்டு ஒப்பந்தம் அவ்வாறு முறிந்தது. பம்பாய்க்கு வந்து மாணவர்க்குத் தனிப்பாடம் சொன்னார். பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்று தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் எந்தச் சாதி என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டனர். காலண்டரில் தாள்கள் கிழிந்து கொண்டிருந்தன. 1918 நவம்பரில்தான் விடிவு பிறந்தது. சைடன்ஹாம் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியர் வேலை, தற்காலிகமானதுதான், மாதம் 450 ரூபாய். அங்கும் பேராசிரியர்களுக்கென வைத்த குடிநீர்ப் பானையிலிருந்து அவர் நீர் அருந்தக் கூடாது என்று சிலர் எதிர்த்தனர். ஆனால் அவருடைய வகுப்பைக் கேட்க மற்றக் கல்லூரி மாணவர்களும் இசைவு பெற்று வந்தனர்.

அந்நாளில் 450 ரூபாய் பெருந்தொகை. பேராசிரியர் அந்த ஊதியத்தில் வசதியான வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ சாலில் உள்ள சிறிய குடியிருப்பிலேயே இருந்து கொண்டு, குடும்பச் செலவுக்கு இரமாபாயிடம் அளவாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தை இலண்டனுக்கென ஒதுக்கினார். இந்த இடத்தில் அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் போவது நன்றியன்று. கணவர் அமெரிக்காவில் இருந்த ஆண்டுகளில் வறுமையைத் தாங்கியவர், கணவருக்கு நல்ல ஊதியம் வந்த காலத்திலும் வறுமையாகவே வாழ இசைந்தார். பெற்ற குழந்தைகளுள் யஷ்வந்த் ஒருவரைத் தவிர மற்றவர்களை இளம் வயதிலேயே இழந்தார். பட்டங்களை எண்ணும்போது இந்தக் கணக்கும் அதனுள் அடங்கும்.

1920 மார்ச்சில் கல்லூரி வேலையை விட்டார். சேமிப்பு போதவில்லை. கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். தவணை முடிய ஓராண்டுக்குச் சற்று மேல் எஞ்சியிருந்த வேளையில், 1920 ஜூலையில் கப்பல் ஏறினார். வயது இருபத்தொன்பது. குடும்பத்தலைவர், முன்னாள் பேராசிரியர், மூக்நாயக் இதழைத் தொடங்கிவைத்தவர், மறுபடியும் மாணவர் வரிசையில் போய் நின்றார்.

அங்கே செலிக்மன் தம் பழைய மாணவரை மறக்கவில்லை. இலண்டன் பொருளாதாரப் பள்ளியின் பேராசிரியர் பாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். பாக்ஸ்வெல்லோ, முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வை முன்பே முடித்துவிட்ட இவர் இங்கு வந்து புதிதாக வெல்ல வேண்டியது எதுவுமில்லை என்னும் கருத்தில் பள்ளியின் செயலாளருக்கு எழுதினார். மெச்சிச் சொன்ன சொல்லாயினும் அதைக் கொண்டு இடம் கிடைக்காதல்லவா? எப்படியோ சேர்ந்தார். இடைப்பட்ட காலத்தில் கட்டணமும் ஒரு கினி உயர்ந்து, 11 பவுன் 11 ஷில்லிங் ஆகியிருந்தது.

இலண்டன் வாழ்க்கை கடுமையானது. விடுதிக்காரி கண்டிப்பானவர். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது மீனோ ஜாமோ, ஒரு கோப்பை பாவ்ரில் சாறும். பகலுணவு கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது நுழைந்து, மூடும்போது காவலர் சொன்ன பிறகே எழுந்து வருவார். இரவு பத்து மணிக்குப் பசி தாங்காத வேளையில், தெரிந்த ஒருவர் கொடுத்திருந்த அப்பளங்களில் நான்கைத் தகரத் தட்டில் வாட்டித் தின்று ஒரு கோப்பைப் பால் குடிப்பார். பிறகு விடியும் வரையில் படிப்பு. வீட்டிலிருந்து வரும் கடிதத்திலோ அங்குள்ள முடை தெரியும். அனுப்ப இவரிடம் ஒன்றுமில்லை.

1921 ஜூனில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் பான் பல்கலைக் கழகத்துக்கும் தம் கையாலேயே ஜெர்மன் மொழியில் விண்ணப்பம் எழுதி அனுப்பி, இடமும் பெற்றார். ஆனால் இலண்டன் வேலையை விட்டு அங்குப் போய் வகுப்பில் அமர முடியவில்லை. வகுப்புக்கு வராததால் 1922 சனவரியில் பான் பல்கலைக் கழகப் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அவர் பெற்ற பட்டங்களின் பட்டியலைச் சிலைப் பீடங்களில் செதுக்கி வைக்கிறோம். கைகூடாமற் போன இந்த ஒன்றையும் இளைஞர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்பது நம் எண்ணம். 1922 ஜூனில் கிரேஸ் இன் அவரைப் பாரிஸ்டராக ஏற்றது.

இனி எஞ்சியிருந்தது டி.எஸ்ஸி. பட்டம். ரூபாயின் சிக்கலைப் பற்றிய பெரும் ஆய்வேடு அது. வெள்ளிக்கு ஏற்பட்ட விலை வீழ்ச்சி ரூபாயின் மதிப்பை எவ்வாறு குலைத்தது, ரூபாயைத் தங்கத்தோடு பொருத்திவைக்கும் ஏற்பாட்டை ஆங்கில அரசு கையாண்ட விதத்தில் என்ன குறை என்பவற்றை அதில் ஆராய்ந்திருந்தார். ஆங்கில அரசின் நாணயக் கொள்கையை ஆங்கிலப் பேராசிரியர்கள் முன்னிலையிலேயே குறை கூறுவது எளிதன்று. 1923 மார்ச்சில், ஆய்வேடு இப்போதுள்ள வடிவில் ஏற்பதற்கில்லை, திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும் என்று முடிவு வந்தது. கையில் பணமில்லை. தங்கித் திருத்த வழியில்லை. பத்தாண்டு உழைப்பின் கடைசிப் படியில் இப்படி ஒரு தடை. ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். வழக்கறிஞர் தொழிலில் கட்சிக்காரர் வருகைக்குக் காத்திருந்த அந்த மாதங்களிலேயே ஆய்வேட்டைத் திருத்தினார். தம் முடிவுகளை மாற்றிக் கொள்ளாமல் சொல்லும் முறையை மட்டும் மாற்றினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். ஆகஸ்டில் கப்பல் அஞ்சலில் அது இலண்டன் சென்றது. நவம்பரில் ஏற்கப்பட்டது. அடுத்த மாதமே இலண்டனில் பி.எஸ். கிங் நிறுவனம் அதனை நூலாக வெளியிட்டது. பேராசிரியர் எட்வின் கேனன், நூலாசிரியரின் கருத்துகள் சிலவற்றோடு தாம் மாறுபடுவதை மறைக்காமலே முன்னுரை வழங்கினார். நூலைத் தம் பெற்றோர் நினைவுக்கு உரிமையாக்கினார் அம்பேத்கர். நகை அடகு வைத்த தந்தை அதைக் காண உயிரோடு இல்லை.

கொலம்பியாவின் கணக்கு இன்னும் தீராமல் இருந்தது. மாகாண நிதியின் வளர்ச்சியைப் பற்றிய நூல், செலிக்மன் எழுதிய முன்னுரையுடன் 1925-இல் அச்சேறியது. அதனைப் பரோடா மன்னருக்கு நன்றியுடன் உரிமையாக்கியிருந்தார். படிகள் பல்கலைக் கழகத்துக்குச் சென்ற பின், 1927 ஜூனில் பி.எச்.டி. பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. ஆய்வேடு முதன்முதலில் ஏற்கப்பட்டு அப்போது பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. மகத் குளத்துப் போராட்டம் நடந்து மூன்று மாதங்கள் கழிந்திருந்தன.

தம்மைப் போல ஒரு மன்னரின் கருணைக்கும் ஒரு நண்பரின் கடனுக்கும் காத்திருக்கும் நிலை அடுத்த தலைமுறைக்கு வரக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். 1942-இல் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை விரிவான மனுவாக எழுதி அளித்தார். அதில் உயர்கல்விக்கு அரசுப் பணம் ஒதுக்க வேண்டும், வெளிநாட்டுப் படிப்புக்கும் மாணவர்களை அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். 1944-இல் நடுவண் அரசின் மெட்ரிக் பிந்தைய உதவித் தொகைத் திட்டம் தொடங்கியது. நம் ஊர்களில் கல்லூரி வாசலை மிதித்தவர்களில் அந்தத் தொகையைத் தொடாதவர் சிலரே. 1945-இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது.

அந்த உதவித் தொகைக்கான விண்ணப்பங்கள் இன்று கணிப்பொறி வழியே போகின்றன. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல் இல்லாவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடுகிறது. ஓர் அலுவலகத்தில் இக்காரணத்தால் நம் மாணவி ஒருத்தியின் தொகை ஓராண்டு தங்கிப் போனதும், அவள் தாயார் காதணியை விற்றுக் கட்டணம் செலுத்தியதும் நமக்குத் தெரியும். அப்பெண் இப்போது எம்.எஸ்ஸி. இரண்டாமாண்டு படிக்கிறாள். ஆராய்ச்சிப் படிப்புக்காக மூன்று பல்கலைக் கழகங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஒன்றிலிருந்து இடமில்லை என்று விடை வந்துவிட்டது. மற்ற இரண்டும் இன்னும் பதில் அனுப்பவில்லை. நம் சங்கப் படிப்பகத்தில் அவளை மாலை வேளைகளில் காணலாம்.